செயினை இழுத்து வைத்தால் போதுமா?

கோவையில் எந்த ஒர்க்‌ஷாப்பில் பைக்கை சர்வீஸுக்கு விட்டாலும் பில்லில் 'செயின் அட்ஜஸ்ட்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். "செயின் லூஸா இருந்துச்சுங்க, டைட் வெச்சாச்சு" என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். வண்டியும் கொஞ்ச நாளைக்குச் சத்தம் போடாமல் ஓடும். அந்தச் செயினுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் இருக்கிறது என்று அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள், நாமும் கேட்டிருக்க மாட்டோம்.

என் கட்சி இதுதான்: செயின் தொங்குவது வேறு, செயின் தேய்ந்திருப்பது வேறு. தொய்வை ஸ்பேனர் போட்டு எடுத்துவிடலாம். தேய்மானத்தை எடுக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் செயினை இறுக்கும் ஒவ்வொரு முறையும் நடப்பது அதுதான். வெளியே பார்த்தால் புதுச் செயின் மாதிரி நிற்கும். உள்ளே இருப்பது பழைய செயினேதான். அதனால் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட எவ்வளவு நீண்டிருக்கிறது, அது மாட்டியிருக்கும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டுக்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு சாக்பீஸ், அழுக்காகத் தயாரான கை. அவ்வளவுதான்.

முதலில் செயினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். எந்த மெக்கானிக் கடை மூலையிலும் கழற்றிப் போட்ட செயின் ஒன்று கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். அதில் லிங்குகளை, அதாவது கண்ணிகளை, கோக்கும் சின்ன இரும்பு ஆணியான பின் ஒன்றை செயின் கட்டரால் தள்ளி வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெயிலில் திருப்பிப் பாருங்கள். பின்னின் இரண்டு முனைகளும் மங்கலாக இருக்கும். நடுப்பகுதி ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் அந்தப் பளபளப்பு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் படி நகத்தில் தட்டும். அந்தப் படிதான் தேய்மானம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். அந்தப் பின் உட்கார்ந்திருந்த சின்னக் குழாயான புஷ்ஷின் உள்பக்கத்திலும் இதேபோல் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

பக்கத் தகடுகள் நீள்வதால்தான் செயின் நீள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல செயினில் தகடு அப்படியேதான் இருக்கும். பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தின்று, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விடுகின்றன. ஒரு மூட்டில் கால் மில்லிமீட்டர் என்றால் அது ஒன்றுமே இல்லை. நூற்றுப் பத்து மூட்டிலும் சேர்த்தால் கிட்டத்தட்ட 27 மில்லிமீட்டர். அந்த 27 மில்லிமீட்டரைத்தான் நாம் 'செயின் லூஸ்' என்று சொல்லி இறுக்கிக்கொண்டே இருக்கிறோம்.

மூட்டு ஏன் இவ்வளவு தேய்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 சிசி வண்டி ஒன்றின் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் ஓடும். முன்னால் 14 பல், பின்னால் 42 பல், செயினில் 110 லிங்க் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்குள் செயின் ஏறக்குறைய 200 சுற்று சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை அசைகிறது. முன் ஸ்பிராக்கெட்டில் ஏறும்போது மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது, பின்னாலும் அதே கதை. ஆகக் கிலோமீட்டருக்கு 800 அசைவு. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் ஒரு மூட்டு முப்பதாயிரம் தடவைக்கு மேல் அசைந்திருக்கும். அதிலும் 42 பல் ஸ்பிராக்கெட்டில் மூட்டு எட்டரை டிகிரிதான் மடங்குகிறது. 14 பல்லில் 25 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். தேய்மானத்தில் பெரும்பங்கு அந்தச் சின்ன ஸ்பிராக்கெட்டில் நடப்பது இதனால்தான்.

இந்த அமைப்பு இன்று நேற்று வந்ததல்ல. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய செயின்களில் மொத்தப் பாரமும் மெல்லிய தகட்டின் துளை விளிம்பில் விழும், பின் சீக்கிரம் அறுந்துபோகும். அவர் உள்ளே ஒரு புஷ் வைத்து, பாரத்தை அதன் முழு அகலத்துக்கும் பரப்பினார். நம் வண்டியில் இன்று ஓடுவது அடிப்படையில் அதேதான். பின்னால் வந்த பெரிய மாற்றம் ஓ-ரிங். உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் ரப்பர் வளையம் வைத்து, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். அந்தக் கிரீஸ் இருக்கும்வரை மூட்டு தேயாது என்றே சொல்லலாம். ரப்பர் போனால் கிரீஸ் போகும், கிரீஸ் போனால் செயின் மளமளவென்று போகும்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. நம்ம பக்கத்து மெக்கானிக்குகள் வாயில் முதலில் வரும் பெயர் 'ரோலான்'. அது கோவை கணபதியில் இருக்கும் எல்.ஜி.பி. கம்பெனியின் செயின். இன்னொரு பக்கம் அம்பத்தூரின் டி.ஐ. டயமண்ட் செயின். இந்தியச் சாலையில் ஓடும் செயினில் பெரும் பகுதி தமிழ்நாட்டு எஃகு என்று யாராவது பெருமை பேசினால் நான் மறுக்க மாட்டேன்.

சரி, அளப்பது எப்படி?

செயின் தகட்டில் 428, 520, 525, 530 என்று ஏதோ ஒரு எண் அடித்திருக்கும். முதல் இலக்கம்தான் நமக்கு வேண்டும். 4 என்றால் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 5 என்றால் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, 15.875 மி.மீ. கடைசி இரண்டு இலக்கமும் அகலத்தைச் சேர்ந்தவை, தேய்மானக் கணக்குக்குத் தேவைப்படாது. நம்முடைய 100, 125, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428. கே.டி.எம். மாதிரி வண்டிகளில் 520. என்ஃபீல்டு 350-களிலும் 5-ல் தொடங்கும் எண்தான் இருக்கும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை ஆஃப் செய்து சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பின்சக்கரம் சுற்றும்போது துணியால் செயினைத் துடைக்கிற பழக்கம் நம் ஊரில் சர்வசாதாரணம். துணியை ஸ்பிராக்கெட் இழுத்தால் கூடவே விரலையும் இழுக்கும். விரல் நுனி இல்லாத மெக்கானிக் ஒருவரையாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கியரில் போட்டுவிட்டு பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றப் பாருங்கள். முன் ஸ்பிராக்கெட் நகராது, அதனால் செயினின் கீழ்ப்பகுதி விறைப்பாகும். சக்கரத்தை யாரையாவது அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வீட்டில் பொடிசு இருந்தால் இந்த வேலைக்கு உற்சாகமாக வரும். இப்போது ஒரு பின்னின் தலையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதைப் பூஜ்யம் என்று வைத்து, அடுத்த பின்னிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி இருபதாவது பின்னிலும் கோடு போடுங்கள். முதலில் கோடு போட்ட பின்னை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் கணக்கு ஒரு லிங்க் குறைந்துவிடும், கவனம். பின்னின் நடுவைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். அதனால் முதல் பின்னின் இடது விளிம்பிலிருந்து இருபதாவது பின்னின் இடது விளிம்புவரை ஸ்கேலை வையுங்கள். தையல் டேப் வேண்டாம், அதுவே நீளும்.

428 செயின் புதிதாக இருந்தால் 254 மி.மீ. காட்டும். 520, 525, 530 எதுவானாலும் 317.5. இதற்குமேல் இரண்டு சதவீதம் போனால் செயின் முடிந்தது என்பது பொதுவான வழக்கம். 428-க்கு அது 259 மி.மீ. இருபது லிங்கில் வெறும் ஐந்து மில்லிமீட்டர், ஒரு பென்சில் கனம்கூட இல்லை. பெரிய வண்டிகளுக்குக் கெடு இன்னும் கறாராக இருக்கும். கவாஸாகியின் பல கையேடுகளில் 317.5 மி.மீ. செயினுக்கு 323-தான் எல்லை. கே.டி.எம். 390 டியூக் கையேடு ஒரு படி மேலே போய், செயினின் கீழ்ப்பகுதியை 15 கிலோ பாரத்துக்கு இழுத்து, 18 ரோலர் (புஷ்ஷின் மேல் சுற்றும் உருளை) தூரம் 272 மி.மீ.-க்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. உங்கள் வண்டிக் கையேட்டில் எண் இருந்தால் அதுதான் வேதவாக்கு. இல்லாதவர்களுக்கு இரண்டு சதவீதம்.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் செயினின் வேறு இரண்டு மூன்று இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ஓரிடத்தில் 255, இன்னோரிடத்தில் 258 என்று வந்தால் அந்த 258-ஐத்தான் நம்ப வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வுதான் மெக்கானிக்கைப் படாதபாடு படுத்துவது. தளர்ந்த இடம் கீழே இருக்கும்போது பார்த்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போது செயின் கம்பிபோல் விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். இறுக்கமான இடத்தில் பார்த்துச் சரியாக வைத்தால், தளர்ந்த இடம் வரும்போது செயின் கவரில் அடித்து 'டக டக' என்று சத்தம் போடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எப்போதும் இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் தொய்வு பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் வரட்டும். பேரிங் போனால் இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும்.

தொய்வைப் பற்றி இவ்வளவு திட்டிவிட்டு ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். அது வேண்டாத சமாச்சாரம் இல்லை. சின்ன வண்டிகளில் கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலே தள்ளினால் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். ஆளில்லாத வண்டியில் இந்த ஆட்டம் அதிகமாகத்தான் தெரியும். ஆனால் கியர்பாக்ஸ் தண்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இழுபடும். கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை, முன்னால் அரிசி மூட்டை என்று நாம் ஏறி உட்காரும்போது வண்டி அந்தக் கோட்டை நோக்கித்தான் இறங்குகிறது. சும்மா நிற்கும்போது விறைப்பாக வைத்த செயினுக்கு அப்போது போக இடம் இருக்காது. 'நல்லா டைட்டா வைங்க' என்று நாமே கேட்டு வாங்கும் வினை இது.

செயினுக்கு எந்த எண்ணெய் போடுவது என்பதைப் பற்றிப் பல இடங்களில் சண்டை நடக்கும், நான் அதில் இறங்கப்போவதில்லை. இரண்டே வார்த்தை. சாதாரணச் செயினுக்கு 90 கிரேடு கியர் ஆயில் போதும், இன்ஜினில் இருந்து வடித்த கறுப்பு எண்ணெயில் இரும்புத் தூள் இருக்கும், அதைப் போடாதீர்கள். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள், ரப்பர் போய்விடும்.

அளவெடுக்கும்போதே கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தகடுகளின் ஓரத்தில், பின் தலையைச் சுற்றி, செங்கல் பொடி நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருக்கிறதா? விரலால் தடவினால் எண்ணெயோடு கலந்து பழுப்புச் சேறாக வரும். அது சாலைப் புழுதி இல்லை. பின்னும் புஷ்ஷும் வறண்டு உரசி, உள்ளே இருந்து கசியும் இரும்புத் துரு. ஸ்கேல் இன்னும் எல்லைக்குள் காட்டினாலும் அந்த மூட்டு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓ-ரிங் செயினில் இது ஒரே ஒரு மூட்டில் தெரிந்தாலும் அங்கே ரப்பர் கிழிந்திருக்கிறது. அப்புறம், சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது பின் ஸ்பிராக்கெட்டை விட்டு வெளியே வரும் லிங்க் ஏதாவது நிமிராமல் மடங்கியபடியே வருகிறதா என்றும் பாருங்கள். ஜாமான லிங்க். எண்ணெய் போட்டு அசைத்தும் சரியாகவில்லை என்றால் அந்தச் செயினை நம்பி மலை ஏறக்கூடாது.

இப்போது ஸ்பிராக்கெட். பின்னால் இருக்கும் பெரிய ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பகுதியில், அதாவது வண்டிக்குப் பின்பக்கமாக நின்று பார்த்தால் நமக்கு நேராக வரும் இடத்தில், செயினை இரண்டு விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். நல்ல செயின் பல்லோடு ஒட்டி நிற்கும், இம்மி அசையும். தேய்ந்த செயின் எழுந்து வரும். பல்லில் பாதிக்குமேல் வெளியே தெரிந்தால் செட்டை, அதாவது செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து, மாற்ற வேண்டிய நேரம். கோவையில் டீக்கடை வாசலில் நிற்கும் எந்த வண்டியிலும் இதைச் செய்து பார்க்கலாம், திறந்த செயின் வண்டியாக இருந்தால். சொந்தக்காரர் முறைத்தால் நான் பொறுப்பல்ல.

செயின் ஏன் எழுந்து வருகிறது என்றால், லிங்க் நீளம் கூடிவிட்டது, பல் இடைவெளி கூடவில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள பழைய தூரத்தில் புதிய நீளம் உட்கார முடியாது. அதனால் ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறிக்கொள்கிறது. அங்கே ஏறி இழுக்கும்போது பல்லின் ஒரு பக்கம் தேய்ந்து, நுனி வளைந்து கொக்கி மாதிரி ஆகிறது. முதலில் நுனி தட்டையாக இருக்கும் புதுப்பல், அப்புறம் கூராகி, அப்புறம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்துவிட்டால் விவாதமே வேண்டாம்.

பின் ஸ்பிராக்கெட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது நம் எல்லோருக்கும் சுலபம், ஏனென்றால் அது வெளியே தெரிகிறது. முன் ஸ்பிராக்கெட் இடப்பக்கக் கவருக்குள், கறுப்புக் களிம்புக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. மேலே போட்ட அதே 14-க்கு 42 கணக்கில், பின்னது ஒரு சுற்று வருவதற்குள் முன்னது மூன்று சுற்று வந்துவிடுகிறது. பல்லும் குறைவு, வேலையும் அதிகம். கவரின் இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றி, களிம்பை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் உண்மை அங்கேதான் கிடைக்கும். ஸ்பிராக்கெட்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள், தண்டின் மேல் அதுவே ஆடுகிறதென்றால் உள்பள்ளங்கள் தேய்ந்திருக்கின்றன. அதன் பக்கவாட்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக உரசியிருந்தால் பின்சக்கரம் கோணலாக நிற்கிறது. ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும், அவை சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செயினை இறுக்கும் அவசரத்தில் ஒரு பக்கம் ஒரு கோடு கூட, இன்னொரு பக்கம் ஒரு கோடு குறைய வைத்துவிட்டுப் போவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

ஒரு சின்ன சுவாரசியம். செயினில் லிங்க் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான், உள்லிங்க் ஒன்று, வெளிலிங்க் ஒன்று என்று மாறி மாறி வருவதால். ஸ்பிராக்கெட்டிலும் பல் இரட்டைப்படை என்றால் ஒரு குறிப்பிட்ட பல்லில் எப்போதும் உள்லிங்க்தான் வந்து உட்காரும், பக்கத்துப் பல்லில் எப்போதும் வெளிலிங்க். அதனால் சில பழைய ஸ்பிராக்கெட்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்று பல் கூடுதலாகத் தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒற்றைப்படைப் பல் என்றால் சுற்றுக்குச் சுற்று மாறி மாறி விழுந்து எல்லாம் சமமாகத் தேயும்.

எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணாவிடம் ஒருமுறை இந்த விஷயத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைப்பழக்கத்திலேயே ஆக்சில் நட்டை எவ்வளவு முறுக்கினால் போதும் என்று தெரிந்தவர். செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிவரை போய்விட்ட ஒரு வண்டியில், செயினில் இரண்டு லிங்கை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இது சரியா வருமா?"

"வராதுங்க. ஆனா அவருக்கு ஒண்ணாந் தேதி வரைக்கும் ஓடணுமாம். என்ன பண்றது?"

"பல்லு தாவாதுங்ளா?"

"தாவும். மெதுவா ஓட்டுங்கன்னு சொல்லி விட்டிருக்கேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 100 சிசி வண்டிக்கு ஒரு நல்ல செயின் செட் ஆயிரம் ரூபாயைச் சுற்றி வரும், அதை மாதக் கடைசியில் எடுத்து வைப்பது எல்லோருக்கும் முடிகிற காரியம் இல்லை. ஆனால் லிங்க் வெட்டுவது என்ன செய்கிறது என்று தெரிந்தே செய்ய வேண்டும். மீதி இருக்கும் 108 லிங்கும் அதே நீண்ட லிங்க்தான். மொத்த நீளம் குறைந்தது, பல்லோடு பொருந்தாமை குறையவில்லை. ஒண்ணாந் தேதி என்பது பல பேருக்கு அடுத்த வருஷ ஒண்ணாந் தேதியாகிவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. செயின் அறுந்தால் ரோட்டில் விழுந்து கிடக்கும், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் அப்படி. இல்லையென்றால் முன் ஸ்பிராக்கெட் பக்கம் சுருட்டிக்கொண்டு இன்ஜின் கேஸை உடைக்கும், அல்லது பின்சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும்.

செயினை மட்டும் மாற்றி ஸ்பிராக்கெட்டை விட்டுவைப்பது இன்னொரு சிக்கனம். இதில்தான் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் இது சிக்கனமே இல்லை. கொக்கியாகிவிட்ட பல் புதுச் செயினைச் சரியாக உட்காரவும் விடாது, லேசாக விடவும் விடாது. பாரம் ஒன்றிரண்டு பல்லில் குவியும். புதுச் செயின் வேகவேகமாகப் பழசாகும். தேய்ந்த செயினுக்குப் புது ஸ்பிராக்கெட் போட்டாலும் அதேதான், இந்த முறை பலி ஸ்பிராக்கெட். ஸ்பிராக்கெட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டுபவர்களும் உண்டு, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இந்த அறிவு உண்மையில் பணமாக மாறும் இடம் பழைய வண்டி வாங்கும்போது. மாமா பையன் சிங்காநல்லூரில் ஒரு 150 சிசி வண்டி பார்த்துவிட்டு, "மச்சான், கொஞ்சம் வந்து பாரு, செயின் செட்டு புதுசு மாத்திருக்காங்களாம்" என்று கூப்பிட்டான். வண்டி கழுவிப் பளபளவென்று நின்றது. செயின் உண்மையாகவே புதுசு, தகட்டில் எண் தெளிவாகத் தெரிந்தது, ஸ்கேல் வைத்தால் 254. பின் ஸ்பிராக்கெட்டும் பரவாயில்லை. முன் கவரைக் கழற்றலாமா என்று கேட்டதும் விற்பவர் முகம் லேசாக மாறியது. உள்ளே இருந்த சின்ன ஸ்பிராக்கெட்டின் பற்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. செட் மாற்றவில்லை, செயின் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

"செட்டுன்னு சொன்னீங்களேங்க?"

"கடையில அப்படித்தாங்க சொல்லிக் குடுத்தாங்க."

பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் கவரைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார். ஒரு செட்டுக்கான பணத்தை விலையில் குறைத்துக்கொண்டார், மாமா பையன் வண்டியை எடுத்துக்கொண்டான். அந்த வாரமே புது செட் போட்டோம்.

பழைய வண்டியில் இன்னொரு குறுக்குவழி அட்ஜஸ்டர். ஆக்சில் ஸ்விங் ஆர்ம் கோடுகளில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முன்கோடுகளில் நின்றால் செயினுக்கு வயது குறைவு, அல்லது யாரோ லிங்க் வெட்டியிருக்கிறார்கள். கடைசிக் கோட்டில் நின்றால் கேட்கவே வேண்டாம். ஹோண்டாவின் சில வண்டிகளில் அட்ஜஸ்டர் பக்கத்தில் சிவப்புப் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், குறி அந்தச் சிவப்புக்குள் வந்தால் செயினை மாற்றச் சொல்கிறது. எவ்வளவு நல்ல யோசனை! ஓட்டுபவருக்கு எண்ணும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம். எல்லாக் கம்பெனியும் ஒட்டலாம்.

முழுக் கவர் போட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவும் படித்துவிட்டு, நமக்கு எப்படி என்று கேட்கலாம். அந்தக் கவர் ஒரு வரம். மண்ணும் தண்ணீரும் படாததால் ஓ-ரிங் இல்லாத சாதாரணச் செயினே அதற்குள் நெடுநாள் ஓடுகிறது. கவரில் இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்தால் தொய்வு மட்டும் பார்க்கலாம், தேய்மானம் தெரியாது. டயர் மாற்றவோ பின் பிரேக் ஷூ மாற்றவோ சக்கரத்தைக் கழற்றும் நாளில் கவரையும் கழற்றச் சொல்லி, நின்று, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

எல்லா இழுப்புக்கும் செயினைக் குற்றம் சொல்லவும் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுக் கொடுக்கும்போது 'டக்' என்று ஒரு வெட்டு வருகிறது, அளந்தால் செயின் நல்லாயிருக்கிறது என்றால், பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நசுங்கியிருக்கலாம். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பின் ஸ்பிராக்கெட்டை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் ரப்பர்தான். செயின் செட்டைவிட இது மலிவாகவே முடியும்.

புது செட் போட்டுவிட்டால் இரண்டு விஷயம் பாக்கி. கிளிப் போட்டுப் பூட்டும் லாக் லிங்க் இருக்கும் செயின் என்றால் அந்தக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், பிளவு பின்னால். மாற்றிப் போட்டால் ஏதாவது தட்டி கிளிப் கழன்றுவிடும். ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும் முன் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்னொன்று, புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். அது தேய்மானம் இல்லை, பாகங்கள் ஒன்றோடொன்று உட்காருவது. அந்த ஒரு தடவை மட்டும் மெக்கானிக் 'லூஸா இருக்குங்க, டைட் வெச்சரட்டுங்களா' என்று கேட்டால் மனதார சரி என்று சொல்லலாம். இறுக்கி முடித்ததும் இருபது லிங்கை அளந்து, அந்த எண்ணையும் மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி ஆர்.சி. கவருக்குள் சொருகிவிடுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட ஒன்று வேண்டுமே.